இழுப்பறையில் காது மிஷின்

தேவசகாயம் சாரின் மேசை இழுப்பறையில் ஒரு காது மிஷின் கிடந்தது. வாங்கிய புதிதில் அதை மாட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனார். "சாருக்குக் காது போச்சு போல" என்று யாரோ கிசுகிசுத்தது அதன் வழியாகவே கேட்டுத் தொலைத்தது. அன்றோடு சரி, இழுப்பறை வாசம்தான்.

மேசைமேல் இருந்த மாத்திரை டப்பாவுக்கோ தலைகால் புரியாத பெருமை. "தினம் ரெண்டு ஞாபக மாத்திரை! என்னாலதான்யா அவர் மூளையே ஓடுது."

"நாலு பேர் பேசுறது காதுல விழுந்தாலே பாதி மூளை தானா ஓடும்" என்றது காது மிஷின்.

"போய்யா! காதுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?"

அப்போது மகள் வந்தாள். "காலையில சொன்னதுகூட ஞாபகம் இல்லையாப்பா? சரி, அந்தக் காது மிஷின் எங்கே?" என்று கத்தினாள்.

"எங்கே வெச்சேன்னே மறந்துபோச்சும்மா."

"டாக்டர்கிட்ட சொல்லி இன்னொரு மாத்திரை கேட்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

"கேட்டியா, எனக்குப் பதவி உயர்வு!" என்றது டப்பா.

மகள் தலை மறைந்ததும் சார் இழுப்பறையைத் திறந்தார். கை எங்கேயும் தடவவில்லை. நேராகக் காது மிஷினிடம் வந்து, அதைக் கைக்குட்டைக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளியது.