எதிர்த்தரப்பு

மயக்கம் தெளிந்து கண் திறந்தவளிடம், ஏதாவது ஒரு வார்த்தை பேசுங்கள் என்றார் மருத்துவர்.

கணவன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

அவள் வானொலியில் செய்தி வாசிப்பவள். கழுத்தில் கட்டி. எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து, எடுத்தால் குரல் போனாலும் போகலாம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். குரல் போன பிறகு இருந்தென்ன, எடுக்கவே வேண்டாம் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். எடுத்தே ஆகவேண்டும் என்றான் அவன்.

அந்த வீட்டில் சண்டைக்கு ஒரு சட்டம் உண்டு. கல்லூரிப் பேச்சுப் போட்டியில் மோதிக்கொண்டு, அப்புறம் கல்யாணம் செய்துகொண்டவர்கள் அவர்கள். எந்தச் சண்டையானாலும் ஒருவர் கட்சியை மற்றவர் பேச வேண்டும். யாருக்கு முதலில் பேச்சு நிற்கிறதோ அவர் தோற்றவர்; அவர் பேசிய கட்சியும் தோற்றது. திரைச்சீலையின் நிறத்திலிருந்து மகளின் பள்ளிக்கூடம் வரை அப்படித்தான் முடிவானது. இரண்டு பேருமே பேசிப் பேசி ஊரை விற்றுவிடுவார்கள்.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில், சட்டப்படி, அவள் அறுவை சிகிச்சைக்காக வாதாடினாள். குரல் போனால் என்ன, கைதட்டிக் கூப்பிடுவேன், கோபம் வந்தால் தட்டை உருட்டுவேன் என்று எழுந்து நின்று நடித்தே காட்டினாள். மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

அவன் முறை வந்தது.

"சரி, உன் குரல் போயிடுச்சுன்னே வெச்சுக்குவோம்..."

அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. திறந்த வாய் மூடாமல் இருந்தான். பிறகு தண்ணீர் குடித்தான்.

அவன் தோற்றான். பேச்சு மாறாமல் அவள் அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது அவள் உதடு அசைந்தது. முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு, தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் கரகரத்துக்கொண்டு, சந்தேகமே இல்லாமல் அவள் குரல்.

"அன்னிக்கு நீங்க வேணும்னே தானே தோத்தீங்க?"

ஒரு வார்த்தை கேட்டால் வழக்கே போடுகிறீர்களே என்று மருத்துவர் சிரித்தார். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினான்.

கெட்டிக்காரன் என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும்.

அன்று அவள் குரல் இல்லாத வீட்டை அவன் ஒரு நொடி நினைத்துப் பார்த்துவிட்டான். பார்த்ததுமே நிஜமாகவே அவள் கட்சிக்கு மாறிவிட்டான். எடுக்கவே வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

நல்ல வேளை, தொண்டை அடைத்துக்கொண்டது.