பஸ்ஸில் விட்ட விரிப்பு

“உன்னோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்…”

“அத்தனை ஆம்பளைங்க முன்னாடியா? நீங்களே சொல்லிக்குங்க.”

“பஸ்ல போனது நீதானே, திலகா? கொஞ்சம் மெல்லப் பேசு.”

“வராந்தாவுல மெல்லப் பேசணும். உள்ள போய் எனக்கு மூத்திரம் நிக்காதுன்னு மைக்குல சொல்லணுமாக்கும்!”

கோர்ட் வராந்தாவில் யார் காதிலாவது விழுந்ததா என்று அவள் கணவர் மாசிலாமணி சுற்றிலும் பார்த்தார். அந்த விரிப்பை அவர் செய்ததே அவளுக்காகத்தான். எவ்வளவு ஈரத்தைக் குடித்தாலும் மேலே கை வைத்தால் காய்ந்தே இருக்கும். அதைப் பஸ் இருக்கையில் விரித்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனவள், இறங்கும் அவசரத்தில் எடுக்க மறந்தாள். கண்டக்டர் இரண்டு விரலால் அதைத் தூக்கிக் காட்டி, “இது யாரோடது?” என்று சத்தமாகக் கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் யாருடையதோ என்பதுபோலத் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டாள்.

அது எப்படியோ ஒரு கம்பெனியின் கைக்குப் போனது. மாசிலாமணி காப்புரிமை கேட்டபோது, இது அவருக்கு முன்பே ஊரில் இருந்த பொருள் என்று அதையே காட்டித் தள்ளுபடி செய்ய வைத்தார்கள். அது தன்னிடமிருந்து தொலைந்ததுதான் என்று அவள் சாட்சி சொன்னால் மட்டுமே மேல்முறையீடு நிற்கும்.

உள்ளே அது மேசைமேல் கிடந்தது. ஓரத்தில் அவள் போட்ட பச்சை நூல் தையல் இன்னும் பிரியவில்லை. கூண்டில் ஏறியவள் கால்களை இறுக்கிச் சேர்த்துக்கொண்டு நின்றாள். நீதிபதி பரிவாகத்தான் கேட்டார்.

“சொல்லுங்கம்மா, இது யாரோடது?”