மூன்றாவது சிரிப்பு

"சிரிச்சா ஏம்ப்பா மார்க்கைக் குறைக்கிறாங்க?" என்று என் மகள் சிறுவயதில் கேட்டாள். "விதி அப்படிம்மா," என்றேன்.

வணிக மேலாண்மைக் கல்லூரியில் சேர விரும்பிய ஃபௌசியாவை, அங்கே படித்தவன் என்ற முறையில், மதுரையில் ஒரு ஜிகர்தண்டா கடையில் நேர்காணல் செய்தேன். மூன்று முறை சிரித்தால் இடம் கிடையாது. மேசைமேல் கல்லூரி தந்த கருவி சிரிப்பை எண்ணும்.

"உங்க பலவீனம் என்னம்மா?"

"பயந்தா சிரிப்பு வந்துரும் சார்," என்று சிரித்தாள்.

"ஒன்று," என்றது கருவி. அந்தக் கறார்க் குரலுக்கு மறுபடியும் சிரித்தாள். "இரண்டு."

"ஐயோ, அதை வாயை மூடச் சொல்லுங்க சார்!"

இருவரும் சேர்ந்தே வெடித்துச் சிரித்தோம். "மூன்று."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனபின், "மூன்றாவது சிரிப்பு யாருடையது?" என்று கருவி கேட்டது.

அந்தக் காலத்தில் என் நேர்காணலிலும் மூன்று முறை சிரித்தேன்; கேள்வி கேட்டவரும் கூடவே சிரித்தார். எனக்கு எப்படி இடம் கிடைத்தது என்று இப்போதுதான் புரிந்தது.

"என்னுடையது," என்றேன்.

அவளுக்கு இடம் உறுதியானது. சிரித்ததற்காக, நேர்காணல் செய்பவர்கள் பட்டியலிலிருந்து என் பெயர் நீங்கியது. தனியே உட்கார்ந்து ஆசைதீரச் சிரித்தேன்.