ஒரு படி கீழே நின்றவர்

மனைவி வலது காலை எடுத்து மாடியிலிருந்து இறங்கும் முதல் படியில் வைத்தபோது லாரிக்காரர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டார்.

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். பிசியோதெரபிப் பெண் சொல்லிக் கொடுத்ததை அவள் ஒருமுறைகூட மாற்றிச் செய்யவில்லை.

விழுந்தால் பிடிக்க ஒரு படி கீழே ஆள் நிற்க வேண்டுமாம். அந்த ஆள் அவர்தான். அவளைப் பார்த்தபடியே பின்பக்கமாக இறங்கினார். பாரம் ஏற்றிய லாரியை மலைப்பாதையில் ரிவர்ஸ் எடுத்த மனிதருக்கு, சொந்த மாடிப்படியில் இறங்கப் பயமாக இருந்தது.

இந்தப் பயம் இன்று நேற்று வந்ததல்ல. மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்றித்தான் ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்தே குறுக்கே நின்றார். இந்த வயதில் எதற்குக் கத்தி, ஆபரேஷன் செய்து படுத்த படுக்கையானவர்கள் எத்தனை பேர் தெரியுமா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பினார். பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் நல்ல பேர் கிடைத்தது. கடைசியில் மகள்தான் சண்டை போட்டு ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் கால் நீளாமலே போய்விடும் என்று பிசியோ பெண் அதட்டினாள். அதற்குப் பிறகும் இரண்டு தடவை வைத்தார். பாசம் கண்ணை மறைக்கிறது என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மனைவியோ பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்கினாள், நீட்டினாள். கண்ணில் தண்ணீர் வழிந்ததே தவிர, போதும் என்ற சொல் வாயில் வரவில்லை. விட்டால் அம்மா ஓடியே போய்விடுவாள் என்று மகள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பாதிப் படியில் அவள் நின்று மூச்சு வாங்கினாள். திரும்பிவிடலாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து அடுத்த படியில் கால் வைத்தாள்.

முட்டி சொன்ன பேச்சைக் கேட்டது.

கடைசிப் படியில் அவர் முதுகு தெருக்கதவில் இடித்தது. அதை அடைத்துக்கொண்டு நின்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

பின்னால் வந்த பிசியோ பெண் சிரித்தாள். "நீங்க விழுந்துடுவீங்கன்னு ஐயாவுக்கு எவ்வளவு பயம் பாருங்கம்மா!"

மனைவி அவரை நேருக்கு நேர் பார்த்தாள். "அவர் பயம் அது இல்லம்மா."

அவள் மறந்திருப்பாள் என்றுதான் இத்தனை நாளும் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

சில வருடங்களுக்கு முன்னால் சமையலறையில் அவர் ஓங்கி அறைந்தபோது, அவளால் விலகக்கூட முடியவில்லை. முட்டி மடிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அது முதல் அடியும் இல்லை. சுவரைப் பிடித்து எழுந்தவள் அழவில்லை, திட்டவில்லை. கால் சரியாகட்டும் என்று மட்டும் சொன்னாள்.

அன்றோடு அவர் கை ஓங்குவதை விட்டார். அவளும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

இப்போது அவள் தாழ்ப்பாளை நோக்கிக் கை நீட்டினாள்.

லாரிக்காரர் விலகி வழிவிட்டார்.