டாக்டரின் கை

ஸ்கேன் திரையில் நரம்பு தேனடைத் துண்டுபோல் தெரிந்தது. அதனருகே மரத்துப்போகவைக்கும் மருந்தைச் செலுத்த வேண்டிய மாணவி ஜெசிந்தா ஊசியோடு தயங்கினாள். பயிற்சிக்காகத் தன் கையைக் கொடுத்துப் படுத்திருந்தவர் எங்கள் பேராசிரியை டாக்டர் மெஹருன்னிசா. "என் கைதானே, போடும்மா."

கொஞ்ச நேரத்தில், துவண்டுபோன அந்தக் கையை மறுகையில் ஏந்தியபடி அவர் வார்டுக்கு நடந்தார். அங்கே விரல்கள் நசுங்கிய லேத் தொழிலாளி பொன்னுரங்கம், ஜெசிந்தாவின் ஊசியைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டார். "படிக்கிற புள்ளையா? வேணாம்மா, பெரிய டாக்டரே போடட்டும்."

டாக்டர் மரத்த கையை அவர் மடியில் வைத்தார். "கிள்ளிப் பாருங்க. இந்தப் புள்ள போட்டதுதான்."

பொன்னுரங்கம் நல்ல கையால் கிள்ளினார். நகம் பதிய மறுபடியும் கிள்ளினார். டாக்டர் நர்ஸிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் அந்தக் கையை, வலித்துவிடுமோ என்பதுபோல் மெல்லத் தூக்கி அவரிடமே கொடுத்துவிட்டு, தன் நசுங்கிய கையை ஜெசிந்தாவிடம் நீட்டினார்.