வீடியோவைத் தூக்கிட்டானுவ!

"சக்கரை நோய்க்கு மாத்திரை வேண்டாம், என் பொடி போதும்னு சொன்னேன். வீடியோவையே தூக்கிட்டானுவ! பேச்சு சுதந்திரம் செத்துப்போச்சு வே!"

வண்ணார்பேட்டையில் தன் கடைவாசலில் நின்று சிவசைலம் அண்ணாச்சி முழங்கினார். கூட்டம் கூடிவிட்டது.

"மறைக்காங்கன்னா அதுல உண்மை இருக்குன்னுதான அர்த்தம்?" என்ற ஓய்வுபெற்ற டீச்சர் பிரம்மநாயகி, கைப்பையிலிருந்த மாத்திரைகளைச் சாக்கடையில் எறிந்துவிட்டு இரண்டு டப்பா வாங்கினார். மதியத்துக்குள் பொடி மொத்தமும் தீர்ந்துபோனது.

கூட்டம் கலைந்ததும் அண்ணாச்சி மகளுக்குப் போன் போட்டார்.

"ஏட்டி சித்ரா, பிரஷர் பொடி வீடியோ போட்டு ஒரு வாரமாச்சு. இன்னும் தூக்கலையே?"

"நான் புகார் குடுத்துட்டேன்ப்பா."

"ஒருத்தி குடுத்தா பத்தாதுட்டி. போன தடவ மாதிரி அம்மா, மாமா, மாப்பிள்ளை எல்லார் போன்ல இருந்தும் குடு. வீடியோவத் தூக்கலைன்னா இந்தப் பொடிய எவன் வாங்குவான்?"