விட்ட இடம்

ஒரு நாவலைப் படிப்பதற்கென்றே அவள் கணவர் சி மொழியில் முப்பது வரி புரோகிராம் எழுதி வைத்திருந்தார். மூடும்போது எத்தனையாவது எழுத்தில் நிறுத்தினார் என்ற எண்ணை அது குறித்துக்கொள்ளும். திறந்தால் நேராக அங்கே போய் நிற்கும். நாளுக்கு இரண்டே பக்கம். அதற்கு மேல் படித்தால் உடம்புக்கு ஆகாது என்பதுபோலப் படிப்பார்.

அவர் இறந்து ஒரு மாதம் கழித்து, எங்கே விட்டார் என்று அந்த எண்ணைப் பார்த்தாள். மறுநாள் காலை அது இரண்டு பக்கம் தள்ளியிருந்தது. அதற்கு மறுநாளும்.

அவள் அண்ணன் பெரிய கம்பெனியில் தொழில்நுட்பத் தலைவர். நாடி பிடிக்கும் முகத்தோடு கீபோர்டைத் தொட்டார்.

"கேச் மெமரி பிரச்சினைம்மா."

"அந்த முப்பது வரியில கேச்சே கிடையாதுண்ணே."

"அப்போ வைரஸ்," என்று சொல்லிக் காபியை முடித்துக்கொண்டு கிளம்பினார்.

அவளுக்கு ஒரே கவலைதான். நாவலில் இன்னும் ஆறு பக்கமே பாக்கி. முடித்துவிட்டால் அவர் எதற்கு வரப்போகிறார்?

கோப்பின் கடைசிக்குப் போய், நாவல் முடிந்த இடத்துக்குக் கீழே தானே எழுதினாள். "சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கிட்டுத்தான் இருக்கு. பொண்ணு உங்க சட்டையைப் போட்டுக்கிட்டு காலேஜ் போறா. அண்ணன் வந்து உங்களை வைரஸ்னு சொல்லிட்டுப் போனார்." இப்படியே இரண்டு பக்கம்.

நான்காம் நாள் எண் கோப்பின் கடைசியில் நின்றது. மேற்கொண்டு எழுத அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஐந்தாம் நாள் காலை எண் குறைந்திருந்தது. இருமுறை சரிபார்த்தாள். நாவலின் தொடக்கத்துக்குப் போகவில்லை. குழாய் ஒழுகும் அந்த வரியின் முதல் எழுத்தில் நின்றது.